மகனை முதல் வருடம் ரெட்ஷர்ட் செய்வோம் என்கிறார் கோச். ஒரு வருடம் வீண்தானா?

133_அப்பா | 2024 நவம்பர்

எல்லோருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில் இருக்கிறோம். மகன் 12-ஆம் வகுப்பு. ஏழாம் வகுப்பில் மல்யுத்தம் தொடங்கினான். எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் மல்யுத்த மேட்டில் (விரிப்பில்) கால் வைத்ததில்லை, அதனால் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறோம்.

போன வாரம் ஒரு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) கல்லூரியைப் பார்க்கப் போனோம். பயிற்சி அறைக்குள் நுழைந்ததும் முகத்தில் அறைந்த மாதிரி வெப்பம். ஒரு பக்கம் ஜோடி ஜோடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஏழெட்டுப் பையன்கள் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். வியர்வை சொட்டி ஒவ்வொரு சைக்கிளுக்கும் கீழே ஒரு சின்ன குட்டை. கோச் அவர்களைக் காட்டி, "இதில் மூன்று பேர் ரெட்ஷர்ட், அதாவது இந்த வருடம் பயிற்சி மட்டும், அணிக்காக ஆட மாட்டார்கள். உங்கள் மகனையும் முதல் வருடம் அப்படித்தான் வைத்திருப்போம், இரண்டாம் வருடம் 133 பவுண்ட் எடையில் இறக்குவோம்" என்றார்.

மகனுக்குச் சந்தோஷம். எனக்கும் மனைவிக்கும் மட்டும் ஒன்றும் புரியவில்லை. காரில் திரும்பும்போது மனைவி கேட்டாள்: "அப்படியென்றால் ஃபெயில் ஆக்கி வைப்பது மாதிரியா?" என்னிடம் பதில் இல்லை.

என் கேள்விகள்:

ரெட்ஷர்ட் வருடத்தில் ஸ்காலர்ஷிப் உண்டா? அந்த வருடம் முழுக்க அவன் ஒரு போட்டியிலும் இறங்கக் கூடாதா? நடுவில் அடிபட்டால் இன்னொரு வருடம் தருவார்களா? "பென் ஸ்டேட்டில் கார்ட்டர் ஸ்டாராச்சி ஆறாவது வருடம் ஆடுகிறார், நானும் ஆடலாம்" என்கிறான் மகன். அது சரியா? மனைவிக்கு ஐவி லீக் (ஹார்வர்ட், கார்னெல் மாதிரியான கல்லூரிகள்) ஆசை இருக்கிறது, அங்கேயும் இதே கதைதானா?

விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

நோட்டுப்புத்தகம்

அண்ணா, வணக்கம். என் மூத்தவன் டிவிஷன் 1-ல் 165 பவுண்டில் ஆடியவன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் "கடிகாரம்" என்று எழுதுங்கள். வலது பக்கம் "சீசன்". இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் நாங்கள் ஏமாந்தோம்.

சீசன் என்பது அவன் கல்லூரிக்காக ஆடும் வருடங்கள். நான்கு கிடைக்கும். கடிகாரம் என்பது அந்த நான்கையும் ஆடி முடிக்க என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி போடும் அமைப்பு) தரும் காலம். டிவிஷன் 1-ல் ஐந்து வருடம். ரெட்ஷர்ட் என்றால் அந்த வருடம் வலது பக்கத்தில் எதுவும் கழியாது. அவ்வளவுதான். இடது பக்கத்தில் ஒரு வருடம் கழிந்தேதான் தீரும். ஆடினாலும் ஆடாவிட்டாலும், அடிபட்டுப் படுத்திருந்தாலும், கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து வருடத்தில் நான்கு சீசன் என்பதால் ஒரு வருடம் கையிருப்பில் இருக்கிறது. அந்த ஒன்றை எங்கே செலவழிப்பது என்பதுதான் ரெட்ஷர்ட். ஃபெயிலும் இல்லை, தண்டனையும் இல்லை. உங்கள் வீட்டம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், நிம்மதியாகத் தூங்கட்டும்.

இந்தக் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பதைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மல்யுத்தம் ஆடிய நாளிலிருந்து இல்லை. ஏதோ ஒரு கல்லூரியில், எந்தக் கல்லூரியாக இருந்தாலும், ஃபுல் டைம் மாணவனாகச் சேர்ந்த செமஸ்டரிலிருந்து.

என் மகன் 2012-ல் பள்ளி முடித்தான். மதிப்பெண் கொஞ்சம் குறைவு. ஒரு வருடம் வீட்டுப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தோம். அங்கே மல்யுத்த அணியே கிடையாது. மூன்று கோர்ஸ் எடுத்தான், ஒன்பது கிரெடிட். பிறகு அவன் நண்பன் புதன்கிழமை மாலையில் மேடைப் பேச்சு வகுப்புக்குப் போகிறான் என்று இவனும் அதில் சேர்ந்தான். அது மூன்று கிரெடிட். மொத்தம் 12. அங்கே 12 என்றால் ஃபுல் டைம்.

அடுத்த வருடம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். கோச் "இந்த வருடம் ரெட்ஷர்ட்" என்றார். நாங்களும் தலையாட்டினோம். கம்யூனிட்டி காலேஜ் வருடத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு மூன்று சீசன் நன்றாக ஆடினான். நான்காவதுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள்: 2012-லிருந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது, இனி ஆட முடியாது. வலது பக்கத்தில் ஒரு சீசன் மிச்சம் இருந்தது. இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அந்த 2012 ஃபீஸ் ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு கோர்ஸ் பெயர், கடைசி வரியில் மேடைப் பேச்சு, அதற்குக் கீழே மொத்தம் 12. ஒன்பதோடு நிறுத்தியிருந்தால் கடிகாரம் ஓடியிருக்காது. அவன் கடைசி வருடம் சக வீரர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுத்துக்கொண்டு மேட்டின் ஓரத்தில் நின்றான். நான் இரண்டு போட்டிக்குப் போனேன். மூன்றாவதுக்குப் போக மனசு வரவில்லை.

அதனால் சொல்கிறேன் அண்ணா, எந்தக் கல்லூரியில் எந்த வகுப்பில் பெயர் கொடுத்தாலும், அதற்கு முன் கம்ப்ளையன்ஸ் ஆபீஸில் (கல்லூரியில் விளையாட்டு விதிகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) கேளுங்கள். கோச்சிடம் மட்டும் கேட்டால் போதாது. கோச்சுக்கு 133-ல் யாரை இறக்குவது என்பது கவலை. தேதி எண்ணுவது அவர் வேலையில்லை.

ஸ்காலர்ஷிப்பைப் பற்றி: ரெட்ஷர்ட் பையனுக்கும் தரலாம். ஆனால் டிவிஷன் 1 மல்யுத்தத்துக்கு இந்த 2024-25 வருடத்தில் ஒரு அணிக்கு மொத்தமே 9.9 ஸ்காலர்ஷிப்தான் வரம்பு. எடைப் பிரிவே பத்து இருக்கிறது, அறையில் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். துண்டு துண்டாகப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். எனவே "முதல் வருடம் எத்தனை சதவீதம், ஐந்தாம் வருடம் எத்தனை சதவீதம்" என்று எழுத்தில் கேளுங்கள். ரெட்ஷர்ட் என்றால் ஐந்தாவது வருட ஃபீஸ் ஒன்று வருகிறது என்று அர்த்தம். அதை யார் கட்டுவது என்பதை இப்போதே பேசிவிட வேண்டும்.

---

கிழிந்த_காது

அங்கிள், நான் ஆடி முடித்து மூன்று வருடம் ஆகிறது. 149 பவுண்ட். ரெட்ஷர்ட் வருடம் எப்படி இருக்கும் என்று நோட்டுப்புத்தகம் அக்கா சொல்லாததை நான் சொல்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும் வருடம் இல்லை அது. காலை ஓட்டம், எடை தூக்குவது, மாலைப் பயிற்சி எல்லாமே மற்றவர்களுக்கு இருப்பது போலத்தான். சனி ஞாயிறு மட்டும் வித்தியாசம். அணி பஸ்ஸில் கிளம்பிப் போகும். நாங்கள் ரெட்ஷர்ட் பையன்கள் நான்கு பேர் ஒருவனுடைய பழைய காரில் ஏறி ஓபன் டோர்னமென்ட்டுக்குப் போவோம். அன்அட்டாச்ட் என்று பெயர். எந்தக் கல்லூரியும் இல்லாமல், தனி ஆளாக. கல்லூரியின் சிங்லெட் (மல்யுத்த உடை) போட முடியாது. நுழைவுக் கட்டணம், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் எங்கள் பாக்கெட்டிலிருந்து. என் சிங்லெட் வெறும் கறுப்பு. போர்டில் மற்றவர்களின் பெயருக்குப் பக்கத்தில் கல்லூரி பெயர் இருக்கும், என் பெயருக்குப் பக்கத்தில் அன்அட்டாச்ட் என்று இருக்கும். முதல் தடவை பார்த்தபோது அநாதை மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

அங்கே தோற்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. கேல் சாண்டர்சன் அயோவா ஸ்டேட்டில் 159-0 என்று ஒரு தோல்விகூட இல்லாமல் முடித்தவர், 1999 முதல் 2002 வரை நான்கு தேசியப் பட்டங்கள். ஆனால் அதற்கு முந்தைய ரெட்ஷர்ட் வருடத்தில் அவரும் தோற்றிருக்கிறார். அவை அந்த 159-ல் சேரவில்லை. பள்ளியில் எல்லோரையும் அடித்துவிட்டு வந்தவனுக்குத் தோற்றுக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. பள்ளியில் நான் காலைப் பிடித்தால் ஆள் விழுந்துவிடுவான். கல்லூரியில் முதல் மாதம், 22 வயது ஆள் ஒருவரின் காலைப் பிடித்தேன், தூண் மாதிரி நின்றார். என் தலைமேல் இடுப்பை அழுத்தி உட்கார்ந்தே விட்டார். அவருடன் தினமும் பிடித்துப் பிடித்துத்தான் பிப்ரவரியில் முதல் தடவை அவரைக் கீழே போட்டேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி: இப்போது விதி முன்பைவிட நன்றாக இருக்கிறது. முன்பெல்லாம் கல்லூரிக்காக ஒரு பவுட் (ஒருவரோடு ஒரு மோதல்) இறங்கினாலே சீசன் போய்விடும். இப்போது டிவிஷன் 1 மல்யுத்தத்தில் கல்லூரி வாழ்க்கையின் முதல் வருடத்தில் இருப்பவன் ஐந்து போட்டித் தேதிகள் வரை கல்லூரிக்காக ஆடலாம், சீசன் கழியாது. எத்தனை பவுட் என்பது கணக்கில்லை, தேதிதான் கணக்கு. ஆறாவது தேதியில் மேட்டில் இறங்கினால் ரெட்ஷர்ட் முடிந்தது. இது முதல் வருடத்துக்கு மட்டும். இரண்டாம் மூன்றாம் வருடத்தில் ரெட்ஷர்ட் எடுப்பவனுக்கு இந்தச் சலுகை இல்லை.

இன்னொன்று அங்கிள். "ரெட்ஷர்ட் செய்வோம்" என்பது வாக்குறுதி இல்லை, திட்டம் மட்டும்தான். அந்த எடையில் ஆடும் முதல் ஆள் அடிபட்டால் ஜனவரியில் உங்கள் மகனை இறக்கிவிடலாம். ஸ்பென்சர் லீ அயோவாவில் அப்படித்தான். 2018 ஜனவரியில் அவருடைய ரெட்ஷர்ட்டைக் கழற்றி இறக்கினார்கள், மார்ச்சில் கிளீவ்லாந்தில் 125 பவுண்ட் தேசியப் பட்டம் வாங்கிவிட்டார். எல்லோருக்கும் அப்படி நடக்காது. பாதி சீசன் ஆடி, ஏழெட்டுப் பவுட் தோற்று, ஒரு முழு சீசனைக் கொடுத்துவிட்டு நின்றவர்கள் என் அறையிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அதனால் "எந்தச் சூழ்நிலையில் இறக்குவீர்கள், முடிவில் அவனுக்குப் பேச்சு உண்டா" என்று கோச்சிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

முதல் வருடத்தில்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஓக்லஹோமா ஸ்டேட்டின் பாட் ஸ்மித் 1990, 91, 92 மூன்று வருடமும் சாம்பியன். 1993-ல் அணிக்கே தண்டனை, தேசியப் போட்டிக்குப் போக முடியாது. அந்த வருடத்தை ரெட்ஷர்ட்டாக வைத்துக்கொண்டு 1994-ல் வந்து நான்காவதையும் வாங்கினார். டிவிஷன் 1-ல் நான்கு முறை சாம்பியன் ஆன முதல் ஆள் அவர்தான். அந்தக் கையிருப்பு வருடத்தை அவர் முன்பே செலவழித்திருந்தால் அது நடந்திருக்காது.

---

விதிப்புத்தகம்

ஒரு கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் பக்கத்தில் வேலை செய்கிறேன். மேலே இருவரும் சொன்னது சரி. விட்டுப்போனதை மட்டும் சேர்க்கிறேன்.

முதலில் ஸ்டாராச்சி. மகனிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள் சார். அவர் 2019-20-ல் ரெட்ஷர்ட். அடுத்த 2020-21 சீசனைக் கோவிட் காரணமாக என்சிஏஏ யாருக்கும் கணக்கில் எடுக்கவில்லை, கடிகாரத்தையும் ஒரு வருடம் நீட்டியது. அதனால்தான் நான்கு பட்டம் வாங்கிய பிறகும் இந்த 2024-25 சீசனில் ஐந்தாவதுக்கு ஆடுகிறார். உங்கள் மகன் 2025-ல் சேரப்போகிறவன். அந்தச் சலுகைக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.

அடிபட்டால் என்ன என்று கேட்டீர்கள். மெடிக்கல் ரெட்ஷர்ட் என்று எல்லோரும் சொல்வது ஹார்ட்ஷிப் வேவர் (விதிவிலக்கு). அது தானாகக் கிடைக்காது, கல்லூரி விண்ணப்பிக்க வேண்டும். அடி அந்த சீசனையே முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், சீசனின் முதல் பாதியில் பட்டிருக்க வேண்டும், அதுவரை மூன்று போட்டித் தேதிகள் அல்லது சீசனின் மொத்தப் போட்டித் தேதிகளில் 30 சதவீதம், எது அதிகமோ அதற்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. பிப்ரவரியில் முட்டி போனால், எவ்வளவு மோசமாகப் போயிருந்தாலும், இந்த வழி அடைத்துவிடும். டாக்டர் அந்த நேரத்திலேயே எழுதிக்கொடுத்த காகிதங்கள் வேண்டும். வீட்டில் ஒரு ஃபைல் போட்டு வையுங்கள்.

இந்த வேவர் திருப்பித் தருவது சீசனைத்தான், கடிகாரத்தை அல்ல. நோட்டில் வலது பக்கம் மட்டும். முதல் வருடம் ரெட்ஷர்ட், மூன்றாம் வருடம் அடி என்றால் சீசன் மிச்சமிருக்கும், காலம் இருக்காது. ஆறாவது வருடம் வேண்டுமென்றால் தனியாக நீட்டிப்பு கேட்க வேண்டும். அவன் கையில் இல்லாத காரணங்களால் இரண்டு வருடம் ஆட முடியாமல் போனது என்று காட்ட வேண்டும். கோச் விருப்பப்பட்டு எடுத்த ரெட்ஷர்ட் அந்த இரண்டில் ஒன்றாகச் சேரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பெற்றோர்களுக்கு இதைச் சொல்வதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி.

படிப்பு. ரெட்ஷர்ட் வருடத்தில் பையன்கள் தளர்ந்துவிடுவதை நிறையப் பார்க்கிறேன். ஆடாவிட்டாலும் கணக்கு ஓடுகிறது. இரண்டாம் வருடம் தொடங்குவதற்குள் 24 செமஸ்டர் கிரெடிட் வேண்டும். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் டிகிரியில் 40 சதவீதம், நான்காம் வருடம் 60, ஐந்தாம் வருடம் 80. இரண்டாம் வருடத்தில் மேஜர் (முதன்மைப் பாடம்) மாற்றினால் 40 சதவீதத்தில்தான் இடிக்கும், ஏனென்றால் எடுத்த கிரெடிட் எல்லாம் புது டிகிரிக்குப் பொருந்தாது.

"அகாடமிக் ரெட்ஷர்ட்" என்று ஒன்று காதில் விழலாம், அது வேறு. பள்ளியில் 16 கோர் பாடங்களின் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 2.3-க்குக் கீழே, 2.0-க்கு மேலே இருந்தால் ஸ்காலர்ஷிப் வாங்கலாம், பயிற்சி செய்யலாம், முதல் வருடம் ஆட மட்டும் முடியாது.

ஐவி லீக்கில் விளையாட்டுக்காக ரெட்ஷர்ட் எடுக்க விடமாட்டார்கள். ஸ்காலர்ஷிப்பும் விளையாட்டுக்காகக் கிடையாது. கார்னெல் வீரர் கைல் டேக் 2010 முதல் 2013 வரை ரெட்ஷர்ட்டே இல்லாமல் நான்கு வருடத்தில் நான்கு வெவ்வேறு எடைகளில் நான்கு பட்டம் வாங்கினார். அது அபூர்வம். அங்கே சேரப்போகும் சிலர் பள்ளி முடித்ததும் ஒரு வருடம் கல்லூரியில் சேராமலே, வெளிக் கிளப்பில் பயிற்சி எடுத்துவிட்டு வருவார்கள். கிரேஷர்ட் என்பார்கள். ஃபுல் டைம் சேராததால் கடிகாரம் ஓடாது. ஆனால் அந்த அவகாசம் ஒரு வருடம்தான், அதைத் தாண்டிப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால் சீசன் கழிய ஆரம்பிக்கும்.

கடைசியாக, இந்த வருடம் சேர்பவர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று. இப்போது, 2024 நவம்பரில், நீதிமன்றத்தில் இருக்கும் என்சிஏஏ வழக்கின் ஒப்பந்தம் நிறைவேறினால் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்குப் பதில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வரும். மல்யுத்தத்துக்கு 30 பேர். ரெட்ஷர்ட் பையனும் அந்த 30-ல் ஒருவன்தான். இதுவரை நாற்பது பேர் வைத்திருந்த அறைகளில் முதலில் யாரை எடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? "30 வந்தாலும் முதல் வருடம் என் மகனுக்கு இடம் உண்டா" என்று கேளுங்கள்.

---

133_அப்பா

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு மனைவியும் நானும் சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்துக் கோடு போட்டோம். மகனையும் உட்கார வைத்தோம். ஸ்டாராச்சி விஷயத்தைப் படித்துவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனே பேனாவை வாங்கி இடது பக்கத்தில் 2025 முதல் 2030 வரை எழுதினான்.

இன்று காலை கோச்சுக்கு ஃபோன் செய்தேன். ஐந்தாம் வருடம், ஜனவரியில் இறக்குவது, 30 பேர், மூன்றையும் கேட்டேன். கோபப்படவில்லை. ஜனவரி கேள்விக்கு, "அவன் சம்மதம் இல்லாமல் இறக்க மாட்டேன்" என்றார். ஐந்தாம் வருடப் பணத்தைப் பற்றி எழுதித் தருவதாகச் சொன்னார். 30 பேர் கேள்விக்கு மட்டும் ஒரு வாரம் டைம் கேட்டார். கம்ப்ளையன்ஸ் ஆபீஸ் நம்பரையும் அவரே கொடுத்தார்.

நோட்டுப்புத்தகம் அம்மா, உங்கள் ரசீதைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு பயம். மகன் வரும் ஜனவரியில் பள்ளி வழியாகவே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு கோர்ஸ் எடுக்கப் பெயர் கொடுத்திருக்கிறான். ஆறு கிரெடிட். கடிகாரம் ஓடிவிடுமா? நிறுத்திவிடட்டுமா?

---

நோட்டுப்புத்தகம்

நிறுத்த வேண்டாம் அண்ணா. அவன் இன்னும் பள்ளி மாணவன், அதுவும் ஆறு கிரெடிட்தான். கடிகாரம் ஓடாது. நன்றாகப் படிக்கட்டும், அந்த ஆறும் பின்னால் 40 சதவீதக் கணக்குக்கு உதவும். ஆனால் கோர்ஸ் பெயர், கிரெடிட், தேதி மூன்றையும் எழுதிக் கம்ப்ளையன்ஸ் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டு, பதிலை அச்செடுத்து அந்த ஃபைலில் வையுங்கள். ஜூனில் பள்ளி முடிந்த பிறகு புதிதாக எதில் பெயர் கொடுத்தாலும் அதற்கு முன் மறுபடி ஒரு தடவை கேளுங்கள்.

என் சின்னவன் இப்போது பத்தாம் வகுப்பு, 121 பவுண்ட். அவனுக்கும் ஒரு நோட்டு போட்டுவிட்டேன். உங்கள் மகன் முதல் ஓபன் டோர்னமென்ட்டுக்குப் போகும்போது இங்கே எழுதுங்கள். பக்கத்தில் என்றால் நானும் வந்து பார்க்கிறேன்.